மெகாஅப்லோடு முடக்கமும் அனானிமஸ் பதிலடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெகாஅப்லோடு என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தை அமெரிக்க அரசு மூடியது, அனானிமஸ் என்ற பெயர் தெரியாத, முகமூடி அணிந்த இணையப் போராளிகள் கூட்டம் அதற்குப் பதிலடி கொடுத்தது. 2012 ஜனவரியில் நடந்த விஷயம் இது. ஆனாலும் ஏதாவது ஒரு டவுன்லோடு தளம் திடீரென்று காணாமல் போகும்போதெல்லாம் மெகாஅப்லோடு பெயர் மறுபடி பேச்சில் வந்துவிடுகிறது. கூடவே பாதி உண்மையும் பாதி வதந்தியும் சேர்ந்து வருகின்றன. என்னிடம் பலரும் கேட்ட கேள்விகளை ஓரிடத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். இந்தக் கதையில் அரசு, சினிமா கம்பெனிகள், தள உரிமையாளர், முகமூடிக்காரர்கள் என்று எல்லோரையும் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. சொந்தக் கோப்புகளைப் பறிகொடுத்த சாதாரண ஆட்களைப் பற்றித்தான் அதிகம் பேசவில்லை. எனக்கு அவர்கள்மேல்தான் அக்கறை.

மெகாஅப்லோடு என்பது என்ன மாதிரியான தளம்?

மின்னஞ்சலில் அனுப்ப முடியாத பெரிய ஃபைலை ஏற்றிவிட்டு, கிடைக்கும் லிங்க்கை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவ்வளவுதான். 2005ல் ஹாங்காங்கில் தொடங்கப்பட்டது. இலவசமாக இறக்குபவர்கள் காத்திருக்க வேண்டும், வேகமும் குறைவு. பணம் கட்டினால் தடை இல்லை. இதன் துணைத் தளமான மெகாவீடியோவில் 72 நிமிடம் பார்த்ததும் படம் நின்றுவிடும். கிளைமாக்ஸுக்கு முன்னால் சரியாக மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்க அரசு தன் குற்றப்பத்திரிகையில் குறிப்பிட்ட கணக்குப்படி, தளத்துக்கு 15 கோடிப் பதிவு செய்த பயனர்கள், தினமும் 5 கோடி வருகைகள். ஒரு கட்டத்தில் உலக இணையப் போக்குவரத்தில் 4 சதவீதம் இந்த ஒரே இடத்தில் நடந்ததாம்.

நடத்தியவர் கிம் டாட்காம். ஜெர்மனியின் கீல் நகரில் பிறந்தவர், பழைய பெயர் கிம் ஷ்மிட்ஸ். 2010 முதல் நியூசிலாந்தில் வசிக்கிறார்.

ஜனவரி 19 அன்று என்ன நடந்தது?

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கிராண்ட் ஜூரி (வழக்குப் போட ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கும் குடிமக்கள் குழு) ஜனவரி 5ஆம் தேதியே குற்றச்சாட்டுகளை ஏற்றிருந்தது. அதை 19ஆம் தேதி வெளியிட்டார்கள். அன்றே 18 டொமைன் பெயர்கள் (இணைய முகவரிகள்) பறிமுதல். தளத்துக்குப் போனவர்களுக்கு எஃப்.பி.ஐ. முத்திரையோடு ஒரு எச்சரிக்கைப் பலகை மட்டும் தெரிந்தது. ஏழு பேர்மீதும் இரண்டு நிறுவனங்கள்மீதும் வழக்கு. காப்புரிமை (காப்பிரைட்) மீறல், அதற்கான சதி, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் சதி, கும்பலாகக் குற்றம் புரிதல் ஆகியவை குற்றச்சாட்டுகள். இவர்கள் ஈட்டியது 17.5 கோடி டாலர், உரிமையாளர்களுக்கு நஷ்டம் 50 கோடி டாலருக்கு மேல் என்றது அரசு. சுமார் 5 கோடி டாலர் மதிப்புள்ள சொத்துகள் முடக்கப்பட்டன.

நியூசிலாந்தில் அப்போது ஜனவரி 20 காலை. ஆக்லாந்துக்கு அருகே கோட்ஸ்வில் என்ற இடத்திலிருந்த டாட்காமின் மாளிகைக்கு ஹெலிகாப்டரில் போலீஸ் வந்து இறங்கியது. அவர் பாதுகாப்பு அறைக்குள் இருந்தார். மொத்தம் நான்கு பேர் கைது. சில வாரங்கள் சிறையில் இருந்த டாட்காமுக்குப் பிப்ரவரி 22ல் ஜாமீன் கிடைத்தது.

யாரோ ஏற்றிய ஃபைலுக்குத் தளம் எப்படிப் பொறுப்பாகும்?

வழக்கின் மையமே இந்தக் கேள்விதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

1998ல் வந்த அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் ஒன்று, இணையதளங்களுக்கு ஒரு பாதுகாப்பு கொடுத்தது. பயனர் ஏற்றிய சரக்குக்குத் தளம் பொறுப்பல்ல. ஆனால் உரிமையாளர் ‘இது என்னுடையது, எடுத்துவிடு’ என்று நோட்டீஸ் அனுப்பினால் உடனே எடுத்துவிட வேண்டும். யூடியூப் போன்றவை நிற்பது இந்தப் பாதுகாப்பின்மேல்தான். நாங்களும் அப்படித்தான், நோட்டீஸ் வந்தால் எடுக்கிறோமே என்றது மெகாஅப்லோடு.

அரசுத் தரப்பு சொன்னது வேறு. ஒரே படத்தை நூறு பேர் ஏற்றினால், சர்வரில் நூறு பிரதிகள் இருக்காது. ஃபைலின் விரல்ரேகை போன்ற ஒரு எண்ணைக் கணக்கிட்டு, ஏற்கெனவே இருந்தால் அதே பிரதிக்கு இன்னொரு லிங்க் மட்டும் கொடுப்பார்கள். இடத்தை மிச்சம் பிடிக்க நல்ல வழி, இதில் தவறில்லை. ஆனால் நோட்டீஸ் வந்தபோது அந்த ஒரு லிங்க்கை மட்டும் எடுத்துவிட்டு, ஃபைலையும் மற்ற 99 லிங்க்குகளையும் அப்படியே விட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அடுத்து, அதிகம் இறக்கப்படும் ஃபைல்களை ஏற்றியவர்களுக்குப் பணம் கொடுக்கும் வெகுமதித் திட்டம். ஊருக்குத் தெரியாத என் குடும்ப வீடியோவை யாரும் லட்சம் முறை இறக்கப்போவதில்லை. பணம் யாருக்குப் போயிருக்கும் என்பது ஊகிக்க முடியாத ரகசியமில்லை. அப்புறம் உள் மின்னஞ்சல்கள். நாம் நவீன காலக் கொள்ளையர்கள் என்று ஒருவர் எழுத, கொள்ளையர்கள் இல்லை, கொள்ளையருக்குச் சரக்கு அனுப்பிக் கொடுக்கிறவர்கள் என்று இன்னொருவர் பதில் எழுதியிருக்கிறார்.

இதையெல்லாம் படித்த பிறகு, இவர்கள் வெறும் தபால்காரர்கள் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதே சமயம், தண்டனை விதிக்கும் முன்பே, ஒரு நாள்கூட விசாரணை நடக்கும் முன்பே, கோடிக்கணக்கானோர் பொருள் வைத்திருந்த ஒரு கிடங்கை மொத்தமாகப் பூட்டியதையும் ஏற்க முடியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

அந்த நாட்களில் இணையமே ‘கறுப்பாக’ மாறியது என்கிறார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பா?

முந்தைய நாள்தான் அது. சோபா, பிபா என்று இரண்டு மசோதாக்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருந்தன. திருட்டுப் பிரதிகள் இருப்பதாகச் சொல்லப்படும் வெளிநாட்டுத் தளங்களைத் தேடுபொறியிலிருந்தும், விளம்பர, பணப்பரிமாற்ற வலையிலிருந்தும் வெட்டிவிட வழி செய்யும் மசோதாக்கள். இதை எதிர்த்து ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் தன்னை மூடிக்கொண்டது. கூகுள் தன் முத்திரையைக் கறுப்புப் பட்டையால் மறைத்தது. ஆயிரக்கணக்கான தளங்கள் சேர்ந்துகொண்டன.

மறுநாளே மெகாஅப்லோடு மூடப்பட்டதும், ‘போராட்டத்துக்குப் பழிவாங்கிவிட்டார்கள்’ என்று பலர் நம்பினார்கள். மூடிய நேரத்துக்கும் போராட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்றது அமெரிக்க அரசின் நீதித்துறை. குற்றப்பத்திரிகை ஜனவரி 5ல் தயாரானதைப் பார்த்தால் அது நம்பக்கூடியதே. அன்று பலர் கவனிக்காதது ஒன்று உண்டு: புதிய சட்டம் எதுவும் இல்லாமலே ஒரு ஹாங்காங் நிறுவனத்தை அமெரிக்காவால் மூட முடிந்தது. ‘.com’ என்று முடியும் இணைய முகவரிகளின் பதிவேடு அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கையில். வாடகைக்கு எடுத்த சர்வர்களில் ஆயிரத்துக்கும் மேல் அமெரிக்க மண்ணில். அது போதுமானதாக இருந்தது.

அனானிமஸ் என்ன செய்தது?

செய்தி வந்த சில மணி நேரத்துக்குள் ‘ஆப்பரேஷன் மெகாஅப்லோடு’ தொடங்கிவிட்டது. அமெரிக்க நீதித்துறை, எஃப்.பி.ஐ., யுனிவர்சல் மியூசிக், அமெரிக்கத் திரைப்பட, இசை நிறுவனங்களின் சங்கங்கள் என்று ஒவ்வொரு தளமாகத் திணறி விழுந்தது. 5,635 பேர் பங்கெடுத்தார்கள், எங்கள் வரலாற்றிலேயே இதுதான் பெரிய தாக்குதல் என்று அனானிமஸ் கணக்குகள் அறிவித்தன. அது அவர்கள் சொன்ன எண்தான், யாரும் சரிபார்த்ததில்லை.

அது ஹேக்கிங்கா?

உள்ளே புகுந்து எதையும் எடுக்கவில்லை. ரயில் நிலைய டிக்கெட் கவுன்டரை நினைத்துப் பாருங்கள். ஐயாயிரம் பேர் வரிசையில் நின்று, ஜன்னலுக்கு வந்ததும் ஒன்றும் வாங்காமல் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகிறார்கள். கவுன்டர் உடையவில்லை, பணப்பெட்டி பத்திரமாக இருக்கிறது, ஆனால் உண்மையாக டிக்கெட் வேண்டியவர் ரயிலைத் தவறவிடுவார். டி.டி.ஓ.எஸ். என்ற தாக்குதல் இதுதான்.

இதற்கு அவர்கள் பயன்படுத்திய கருவியின் பெயர் லோய்க். முகவரியைத் தட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. அது உங்கள் ஐ.பி. முகவரியை மறைக்காது என்ற விவரத்தை மட்டும் அழைத்தவர்கள் பலர் சொல்லவில்லை. கோபத்தில் பொத்தானை அழுத்திய பதினெட்டு வயதுப் பையன், தன் வீட்டு முகவரியைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறான்.

தெரியாமலே தாக்குதலில் சேர்ந்தவர்களும் உண்டா?

உண்டு. என்னை இன்றுவரை உறுத்துவது இதுதான். அன்று ட்விட்டரில் சில லிங்க்குகள் பரவின. ‘என்ன நடக்கிறது பாருங்கள்’ என்கிற மாதிரி இருக்கும். சொடுக்கிய உடனேயே, அந்தப் பக்கத்தில் இருந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரல் உங்கள் பிரௌசரிலிருந்தே நீதித்துறைத் தளத்துக்குக் கோரிக்கைகளை அனுப்பத் தொடங்கிவிடும். ஆர்வத்தில் எட்டிப் பார்த்தவரையும் சட்டப்படி குற்றமான ஒரு செயலில் இழுத்துவிட்ட வேலை. மக்களுக்காகப் போராடுகிறோம் என்று சொன்னவர்கள், அதே மக்களின் சம்மதத்தைக் கேட்கவில்லை.

இன்னொன்று அதைவிட மோசம். தாக்குதலுக்கான கருவிகளின் பட்டியல் ஒன்று அப்போது சுற்றில் இருந்தது. யாரோ அதில் ஒரு கருவியின் லிங்க்கை மட்டும் மாற்றி, ஸூஸ் என்ற வங்கிக் கடவுச்சொல் திருடும் வைரஸை ஒட்டிவிட்டார்கள். மெகாஅப்லோடு மூடப்பட்ட மறுநாளே, ஜனவரி 20லேயே, இது தொடங்கியதாக சைமன்டெக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் பிறகு கண்டறிந்தது. ஆதரவு காட்ட வந்தவர்களின் கணினிகளிலிருந்தே வங்கி விவரங்களும் மின்னஞ்சல் கடவுச்சொற்களும் போயின.

யாராவது பிடிபட்டார்களா?

அனானிமஸின் பழைய தாக்குதல்களுக்காகப் பலர் பிடிபட்டார்கள். 2010ல் பேபால் என்ற இணையப் பணப்பரிமாற்ற நிறுவனத்தின்மீது நடந்ததற்கு 2011 ஜூலையில் அமெரிக்காவில் 14 பேர் கைது. 2010ல் தொடங்கிய ‘ஆப்பரேஷன் பேபேக்’ என்ற தாக்குதல் தொடருக்காக 2013 அக்டோபரில் 13 பேர்மீது வழக்கு. 2012 ஜனவரியில் ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்த யாருக்கும் தெரியாத ஒரு விஷயம், அந்த வட்டாரத்தில் பெரிய பெயராக இருந்த ‘சாபு’ என்ற ஹெக்டர் மான்செகுர் 2011 ஜூனிலேயே பிடிபட்டு எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தார். 2012 மார்ச்சில்தான் அது வெளியே வந்தது.

தாக்குதலால் ஏதாவது பயன் கிடைத்ததா?

மெகாஅப்லோடு விஷயத்தில் ஒன்றும் இல்லை. தளம் திரும்பவில்லை, வழக்கும் நிற்கவில்லை. விழுந்த தளங்கள் சில மணி நேரத்தில் எழுந்துவிட்டன.

ஜனவரி 20ல் சோபாவும் பிபாவும் ஒத்திவைக்கப்பட்டன, அது அனானிமஸால் நடந்தது என்று சிலர் சொல்வார்கள். இல்லை. உறுப்பினர்களுக்குத் தொலைபேசியில் பேசிய, மனு எழுதிய லட்சக்கணக்கான மக்களால் நடந்தது. தாக்குதலுக்கு முந்தைய நாளே பல உறுப்பினர்கள் பின்வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

போலந்தில் மட்டும் கதை கொஞ்சம் வேறு. ஆக்டா என்ற சர்வதேசக் காப்புரிமை ஒப்பந்தத்தில் அந்நாடு கையெழுத்திட இருந்தது. அதே வார இறுதியில் அரசுத் தளங்கள் முடக்கப்பட்டன. அதனால் ஒப்பந்தத்தின் பெயர் வீடு வீடாகத் தெரிந்தது. ஆனால் அதை வீழ்த்தியது, உறைபனியில் தெருவில் இறங்கிய இளைஞர்கள். 2012 ஜூலை 4ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் 478க்கு 39 என்ற கணக்கில் ஆக்டாவை நிராகரித்தது.

டாட்காமே ஒருமுறை ‘போதும்’ என்று சொல்ல வேண்டி வந்தது. 2013ல் நியூசிலாந்து உளவுச் சட்டத்தை எதிர்த்து ஆளுங்கட்சித் தளங்களை அனானிமஸ் முடக்கியபோது, இது சட்டத்தை நிறைவேற்ற அரசுக்கு இன்னொரு சாக்கு கொடுக்கிறது, நிறுத்துங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். சட்டம் ஆகஸ்டில் நிறைவேறியது.

திருட்டுப் படம் எதுவும் வைக்காத சாதாரணப் பயனர்களின் கோப்புகள் என்னாயின?

போய்விட்டன. இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

மெகாஅப்லோடை எல்லோரும் திருட்டுப் படத்துக்குப் பயன்படுத்தவில்லை. கல்யாண வீடியோ, ஆய்வேட்டின் வரைவு, சொந்தமாக இசைத்த பாட்டு, அலுவலகக் கணக்கு என்று வைத்திருந்தவர்கள் உண்டு. பலர் பணம் கட்டிய வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு ஒரு மணி நேர அவகாசம்கூடக் கொடுக்கப்படவில்லை.

அமெரிக்காவில் இந்தச் சர்வர்களை வாடகைக்கு விட்டது கார்பாத்தியா என்ற நிறுவனம். 1,103 சர்வர்கள், 25 பெட்டாபைட்டுக்கு மேல், அதாவது 2.5 கோடி ஜி.பி.க்கும் அதிகம். மெகாஅப்லோடின் பணம் முடக்கப்பட்டதால் வாடகை நின்றுபோனது. அரசோ, தனக்கு வேண்டிய தரவை நகலெடுத்துக்கொண்டோம், இனி சர்வர்கள் எங்கள் பொறுப்பில் இல்லை என்று கடிதம் எழுதிவிட்டது. தினமும் 9,000 டாலர் செலவாகிறது என்று கார்பாத்தியா நீதிமன்றத்தில் முறையிட்டது. கோப்பு அரசிடம் இல்லை, கம்பெனியால் திருப்பித் தர வழியில்லை, வாடகைக்கு விட்டவருக்கு எந்த ஃபைல் யாருடையது என்று தெரியாது. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள்.

ஓஹையோவில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளைப் படம்பிடித்துப் பிழைத்த ஒருவர் இதை விடவில்லை. அவருடைய சொந்த ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போன சில நாட்களில் மெகாஅப்லோடும் மூடப்பட்டது. இரண்டு பிரதிகளும் ஒரே வாரத்தில் போயிற்று. எலெக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு அவருக்காக 2012 மார்ச்சில் மனு போட்டது. என் வீடியோவை எனக்குக் கொடுங்கள் என்பதைத் தவிர அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழிந்தும் அவருடைய வழக்கறிஞர்கள் அதே நீதிமன்றத்தில் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நெதர்லாந்தில் லீஸ்வெப் என்ற நிறுவனத்திடம் இன்னும் 630 சர்வர்கள் இருந்தன. ஒரு வருடம் வைத்திருந்தோம், யாரும் கேட்டு வரவில்லை என்று சொல்லி 2013 பிப்ரவரியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். பாதுகாத்து வையுங்கள் என்று நாங்கள் கேட்டிருந்தோமே என்றார் டாட்காம்.

நானும் அந்தக் காலத்தில் வேறொரு பகிர்வுத் தளத்தில் (பெயர் வேண்டாம்) தாத்தாவின் கையெழுத்து நோட்டுகளை ஸ்கேன் செய்து போட்டிருந்தேன். மெகாஅப்லோடு செய்தி வந்த சில நாட்களில் அந்தத் தளமும் பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டது. மூல நோட்டுகள் அதற்கு முன்பே கரையானுக்குப் போய்விட்டிருந்தன. அதனால்தான் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்குச் சட்ட வாதம் எதுவும் முதலில் நினைவுக்கு வருவதில்லை.

மற்றத் தளங்களும் பயந்தனவா?

ஆமாம். ஃபைல்சோனிக் ஜனவரி 22ல் பகிரும் வசதியையே நிறுத்திவிட்டது. ஏற்றியவர் மட்டுமே தன் ஃபைலை எடுக்கலாம் என்றது. சில தளங்கள் அமெரிக்கப் பயனர்களைத் தடுத்தன, சில வெகுமதித் திட்டங்களைக் கைவிட்டன.

டாட்காம் வழக்கு என்ன ஆனது?

நீண்டுகொண்டே போனது. 2012 ஜூனில் நியூசிலாந்து உயர் நீதிமன்றம் சோதனை வாரன்ட்டுகள் செல்லாது என்றது. 2014ல் மேல் நீதிமன்றங்கள் செல்லும் என்று திருத்தின. நாட்டில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவரைச் சட்டவிரோதமாக உளவு பார்த்ததற்காகப் பிரதமர் ஜான் கீ 2012 செப்டம்பரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2013 ஜனவரியில், சோதனை நடந்து சரியாக ஒரு வருடத்தில், மெகா என்ற புதிய தளத்தை டாட்காம் தொடங்கினார். பிறகு அதிலிருந்து விலகிவிட்டார்.

கூட இருந்தவர்களில் எஸ்தோனியாவைச் சேர்ந்த ஒரு நிரலாளர் 2015ல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஓராண்டும் ஒரு நாளும் தண்டனை பெற்றார். மதியாஸ் ஆர்ட்மன், பிராம் வான் டெர் கோல்க் இருவரும் நியூசிலாந்திலேயே ஒப்புக்கொண்டு, 2023 ஜூனில் முறையே 31 மாதம், 30 மாதம் சிறைத்தண்டனை பெற்றார்கள். டாட்காமை அமெரிக்காவிடம் ஒப்படைக்கும் உத்தரவில் நியூசிலாந்து நீதி அமைச்சர் 2024 ஆகஸ்டில் கையெழுத்திட்டார்.

அவரைத் தியாகியாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: மெகாஅப்லோடுக்கு முன்பே ஜெர்மனியில் கணினி மோசடிக்காகவும், பங்குச் சந்தை முறைகேட்டுக்காகவும் தண்டனை பெற்றவர் அவர்.

இந்தியாவில் இப்படி எதுவும் நடந்ததா?

நடந்தது, அதுவும் சென்னையிலிருந்து. 2012ல் ‘3’ என்ற தமிழ்ப் படத்துக்கும் ‘தம்மு’ என்ற தெலுங்குப் படத்துக்கும் திருட்டுப் பிரதி வராமலிருக்க, சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாத நபர்களுக்கு எதிராகத் தடை வாங்கினார்கள். ஊடகங்கள் இதை ‘அசோக் குமார் உத்தரவு’ என்பார்கள். முகம் தெரியாத பிரதிவாதிக்கு வைக்கும் பெயர் அது. இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு மே மாதத்தில் வீமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் போன்ற தளங்களை முழுதாகவே அடைத்துவிட்டன. குறும்படம் எடுத்து வீமியோவில் போட்டவருக்கும், நிரலைப் பேஸ்ட்பின்னில் வைத்தவருக்கும் இந்தப் படங்களோடு என்ன சம்பந்தம்?

இங்கேயும் அனானிமஸ் வந்தது. உச்ச நீதிமன்றம், காங்கிரஸ் கட்சி ஆகியவற்றின் தளங்கள் முடங்கின. ஜூன் 9ல் மும்பை, டெல்லி, பெங்களூரு என்று சில நகரங்களில் முகமூடியோடு தெருவில் நின்றார்கள். ஆனால் தடை விலகியது, இணைய நிறுவனங்கள் நீதிமன்றத்திலேயே போய்க் கேட்டதால்தான். குறிப்பிட்ட லிங்க்குகளைத்தான் தடுக்க வேண்டும், முழுத் தளத்தையும் அல்ல என்று ஜூனில் நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது.

இதற்கு இரண்டு வருடம் முன்பு, பெங்களூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் படக் கம்பெனிகளுக்காக டோரன்ட் தளங்களை டி.டி.ஓ.எஸ். முறையில் முடக்குவதாகத் தானே ஒரு பேட்டியில் சொல்லியிருந்தது. மேலே சொன்ன ‘ஆப்பரேஷன் பேபேக்’ அதற்கு எதிர்வினையாகத்தான் 2010 செப்டம்பரில் தொடங்கியது. முதல் கல்லை எறிந்தவர்கள் யார் என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் லோய்க் போன்ற கருவியை ஓட்டினால்?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ‘போராட்டத்துக்காகச் செய்தேன்’ என்பதற்கு அதில் விலக்கு இல்லை.

இப்போது என் கோப்புகளை எங்கே வைப்பது?

ஒரே இடத்தில் வைக்காதீர்கள். வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், வேறு ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் இன்னொன்று, இணையத்தில் ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து பாருங்கள்; ஓஹையோக்காரருக்கு நடந்ததுபோல இரண்டு பிரதிகள் ஒரே வாரத்தில் போகலாம். கையெழுத்து நோட்டு, பழைய ஃபோட்டோ என்று மூலம் கையில் இருந்தால், ஸ்கேன் ஆகிவிட்டதே என்று அதைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.